வடுவில் இருந்த படம்

பெல்சியாவின் வலக்கண்ணில் ஆறு வயதிலிருந்தே ஒரு கரும்புள்ளி உண்டு. அண்ணன் ரொசாரியோ விளையாட்டாக லேசர் லைட் அடித்ததில் வந்தது என்றுதான் வீட்டில் பேச்சு. அன்று அப்பா அவனைப் பெல்ட்டால் விளாசினார். அவளுக்கு நடந்தது எதுவும் நினைவில் நிற்கவில்லை; வீட்டார் சொன்னதை நம்பி, அதன்பின் அவனிடம் ஒட்டவே இல்லை.

பல வருடங்கள் கழித்து, அந்தப் புள்ளியைக் காட்ட அவள் போன தூத்துக்குடி கண் மருத்துவமனைக்குப் புதிய ஸ்கேன் வந்திருந்தது. விழித்திரையில் அந்த வடு விழுந்த நொடியில் கண் எதைப் பார்த்ததோ, அதை அப்படியே படமாக எடுத்துக் காட்டியது.

திரையில் அவர்கள் வீட்டு நிலைக்கண்ணாடி தெரிந்தது. அதற்குள் கவுன் போட்ட சின்னப் பெல்சியா, லேசரைக் கண்ணாடிக்கு நேரே பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அறையில் வேறு யாருமில்லை.

"வடு பெருசாகலம்மா, பயம் வேண்டாம்," என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, லேசர் அடிச்சது நாந்தானாம். நீ ஏன் அப்பவே சொல்லல?"

"நான் ஓடி வந்து உங் கையில இருந்து அதைப் பிடுங்கினேன், அப்பா பாக்கும்போது எங் கையில இருந்துச்சு. நீ பயந்து அழுதுட்டு நின்ன. உனக்கும் அடி விழணுமாக்கும்?"

"ஞாயித்துக்கெழம எல்லாரும் சாப்பிட வாங்க," என்றாள்.

"வாரோம். ஆனா அப்பாகிட்ட மட்டும் சொல்லிராத. இந்த வயசுல மனசு ஒடஞ்சிருவாரு."