பன்னிரண்டு குழிகள்

புழு மேடம் வண்டியை நிறுத்தியதுதான் தாமதம், வாசலில் நின்றிருந்த விவசாயியின் மனைவி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். வாங்க என்று ஒரு வார்த்தை இல்லை. 'என் முகத்தில் முழிக்கவே பிடிக்கவில்லை போலிருக்கிறது. யாருக்குத்தான் பிடிக்கும்?' என்று நினைத்துக்கொண்டாள் மேடம்.

மேடம் என்றதும் பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். வேளாண்மை ஆபீஸ் சார்பில் வயல் வயலாகப் போய், மண்ணைக் கிளறிப் புழு எண்ணுகிற வேலை. அதில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. வேலை நிரந்தரமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

"வாங்க மேடம்! என்ன திடீர்னு?" விவசாயி நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் சிரித்த முகமாகப் பேசியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

உட்கார்ந்த இடத்திலிருந்தே வயல் தெரிந்தது. இடுப்புயரம் நிற்க வேண்டிய மக்காச்சோளம், பாதி இடத்தில் முளைக்கவே இல்லை. முளைத்ததும் வேர் அறுபட்டு வாடித் தொங்கியது.

"கையில என்ன கவரு?"

"ஆபீஸ்ல குடுக்கறதுக்குண்ணா. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொல்ல வேண்டியது விதைப்புக்கு முந்தைய கதை. இந்த வயலில் பன்னிரண்டு இடத்தில் குழி தோண்டி, பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கைப் புதைத்து, அடையாளத்துக்குக் குச்சி நட்டவள் அவள்தான். மண்ணுக்குள் கம்பிப்புழு இருந்தால் கிழங்கைத் தேடி வந்துவிடும். ஒரு வாரம் கழித்துத் தோண்டி எண்ண வேண்டும். குழிக்கு ஒன்று என்ற கணக்கில் புழு தேறினால் குருணை மருந்து போட வேண்டும், அதற்குக் குறைந்தால் மருந்தே வேண்டாம்.

"வேண்டவே வேண்டாமா?" என்று மனைவி அன்றைக்கு இரண்டு தடவை கேட்டாள்.

"குருணை தூவறது இவதான் மேடம். போன வருஷம் தூவிட்டு மூச்சு முட்டி, நாலு நாள் ஆஸ்பத்திரி," என்றார் விவசாயி. "புழு இருந்தா என்ன பண்ண முடியும்? போட்டுத்தானே ஆகணும்?"

ஒரு வாரம் கழித்து வந்த மேடம் நான்கு குழிகளைத் தோண்டினாள். கிழங்குகளில் ஊசியால் குத்தியதுபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தது. புழு ஒன்றுகூட இல்லை. ஐந்தாவது குழிக்குக் குனிந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மோட்டார் ஷெட்டில் ஒதுங்கி நின்று, மீதி எட்டுக் குழிகளுக்கும் வரிசையாகப் பூஜ்யம் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

அந்தக் காகிதத்தை நம்பித்தான் விவசாயி மருந்தில்லாமல் விதைத்தார்.

"எட்டுக் குழிய நான் தோண்டவே இல்லண்ணா," என்றாள். "தோண்டாமலே எழுதிட்டேன்."

விவசாயி வயலைத் திரும்பிப் பார்த்தார். பேசியபோது 'மேடம்' போயிருந்தது.

"ஏம்மா, உன் கையெழுத்த நம்பித்தானே விதைச்சேன்? பன்னெண்டும் தோண்டியிருந்தா தெரிஞ்சிருக்குமில்ல?"

"தெரிஞ்சிருக்கும்ண்ணா."

"இவ்வளவு நாளும் என் மண்ணையே குத்தம் சொல்லிட்டிருந்தேனே."

இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஒரு மாதமாகச் சோறு இறங்கவில்லை. இந்த வயலைத் தாண்டிப் போக வேண்டுமே என்று ஊரைச் சுற்றி ஆபீஸ் போய்க்கொண்டிருந்தாள்.

மனைவி ஒரு டம்ளர் தண்ணீரோடு வெளியே வந்தாள்.

"அந்தக் கவர்ல என்ன எழுதியிருக்க?"

"நடந்ததத்தான்க்கா. நான் பண்ணின தப்ப."

"குடுத்தா என்ன ஆகும்?"

"வேலை போயிடும். போகட்டும். என்னால உங்க வெள்ளாமையே போச்சு, என் வேலை இருந்து என்ன ஆகப்போகுது?" தண்ணீரைத் தொடாமலே எழுந்தாள். "உங்கள நெனச்சாதான்க்கா தாங்கல. மருந்து வேண்டாம்னு சொன்னப்ப நீங்க எவ்வளவு சந்தோஷப்பட்டீங்க! அந்தச் சந்தோஷத்தையே பொய்யாக்கிட்டேன்."

அவள் படியிறங்கி வண்டிப் பக்கம் நடந்தாள். மனைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடிப் போய், அவள் கையிலிருந்த கவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"விடு அவள," என்றார் விவசாயி பின்னாலிருந்து. "செஞ்சவதான் அனுபவிக்கணும். உனக்கென்ன இரக்கம்?"

"இரக்கமெல்லாம் இல்ல."

மனைவி கவரை விடவில்லை. கணவனைத் திரும்பிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"பன்னெண்டையும் தோண்டியிருந்தாலும் உனக்கு ஒரு புழு கிடைச்சிருக்காது தங்கச்சி. நீ வர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் நான் பொறுக்கிட்டேன்."