ஒரே டிரைவர்

"எவனோ ஓட்டித் தேய்ச்ச ஜீப்புலயா என் பேத்தி ஸ்கூலுக்குப் போறது? நம்ம குடும்பத்துக்கு ஒரு மதிப்பு இருக்குடா" என்றார் தங்கவேலு.

"நம்ம மேட்டுக்கு ஃபோர் வீல்தாம்பா ஏறும். புதுசுக்கு எங்க போறது? வந்து பாருங்க" என்று, அவரையும் அம்மா யோகேஸ்வரியையும் வட்டகொடையிலிருந்த வண்டித் தரகரிடம் அழைத்து வந்தான் மகன் பிரதாப்.

தரகர் தார்ப்பாயை விலக்கினார். "தேயிலைத் தோட்டத்துப் பெரிய தொரையோட வண்டிங்க. இருபது வருஷமும் ஒரே டிரைவர்."

தங்கவேலு ஜீப்பை ஒரு சுற்று வந்தார். "மூணாவது கியர் கொஞ்சம் அழுத்தினாத்தான் விழும்."

"இன்னும் ஏறவே இல்லையேங்க! எப்படித் தெரியும்?"

"அந்த டிரைவர் நான்தான்."

பிரதாப் சிரிப்பை அடக்கிக்கொண்டான். தங்கவேலு சாவியை வாங்கி, மனைவிக்கு முன்கதவைத் திறந்துவிட்டார். யோகேஸ்வரி அசையவில்லை.

"டிரைவர் குடும்பம் பங்களா வண்டியில ஏறக் கூடாதுன்னு சட்டம், சரி. நான் கொழுந்துக்கூடையோட மழையில நடக்கிறப்ப, திரும்பிக்கூடப் பாக்காமப் போனீங்களே!"

"வளைவு வரைக்கும் கண்ணாடியில பார்த்துக்கிட்டேதான் போவேன்" என்றார் தங்கவேலு.

யோகேஸ்வரி ஏறி அமர்ந்து, கதவைச் சாத்தினாள்.

"நான் நடந்த ரோட்டு வழியாவே வீட்டுக்குப் போங்க."