ஞாயிற்றுக்கிழமைப் படம்

எல்லோரும் எழுந்து வரிசையில் நின்றுவிட்டார்கள். கடைசி மரவாங்கில் நான் மட்டும் குந்தியிருந்தேன்.

முழுக்கோயிலும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை. ஆனாலும் வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்துபோய் நானும் வரிசையில் நின்றேன்.

மாதா கோயிலுக்குள் நான் கால் வைத்தது இன்றுதான். திருநீறு பூசுகிற ஆள். இருபத்தெட்டு வருடமாக ஞாயிறுதோறும் மனைவி ஜெசிந்தாவைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, வெளியே வேப்பமரத்தின் கீழ் நிற்பதோடு என் வேலை முடிந்துவிடும். அவளுடைய சாமி அவளுக்கு, என்னுடைய சாமி எனக்கு. சண்டையே இல்லை.

இப்போது நாலடி நடந்தாலே அவளுக்கு மூச்சு வாங்குகிறது. நாளை ஆஸ்பத்திரியில் சேரவேண்டும். புதன்கிழமை நெஞ்சில் ஒப்பரேசன்.

“இஞ்சருங்கோ, இண்டைக்கு நீங்கள் உள்ளுக்குப் போங்கோ. மாதாவை வடிவா ஒரு படம் எடுத்துக்கொண்டு வாங்கோ,” என்று காலையில் சொன்னாள்.

படம் எடுப்பதில் நான் பேர்போனவன். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது, மெல்பேர்னில் இருக்கும் மகள் ஆரபி கைபேசி அனுப்பினாள். ஒரு நாளைக்கு ஒரு படம் அனுப்பவேண்டும் என்பது அவளுடைய கட்டளை. மூன்று வருடம், ஒரு நாள் தவறவில்லை. கிணற்றடி, பப்பாசியைக் கொத்தும் கிளி, மழைக்குப் பிறகு வெங்காயத் தோட்டம். ஞாயிறு என்றால் வேப்பமரத்தடியில் நின்று கோயில் வாசலை எடுப்பேன். சரியாக ஏழு நாற்பதுக்கு. அப்போதுதான் உள்ளே சனம் வரிசையில் நிற்கும், படம் நிறைந்திருக்கும்.

வரிசை நகர்ந்தது. பாட்டு மேலே எங்கோ மிதந்தது. கண்ணாடிச் சன்னலால் வந்த நீல வெளிச்சம் முன்னால் நின்றவரின் முதுகில் விழுந்து, அவர் விலக, என் கைக்கு வந்தது. நித்திரையில் நடப்பவன்போல் போனேன். வலது கை மேலே, இடது கை கீழே. திருநீறு வாங்கிப் பழகிய கைகள் தாமாகவே நீண்டன.

“கிறிஸ்துவின் திருவுடல்,” என்றார் சுவாமியார்.

“ஓம்,” என்றேன். வேறு என்ன சொல்வது?

வெள்ளையாக, வட்டமாக, பாரமே இல்லாத ஒரு சின்ன அப்பம். கோயிலில் தந்ததை வீட்டுக்காரிக்குக் கொடுக்காமல் தனியே தின்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தேன். மாதாவைப் படம் எடுக்க மறந்தே போனேன்.

பண்டத்தரிப்பில் இருக்கும் வீடு வரைக்கும் ஸ்கூட்டரை மெதுவாகத்தான் ஓட்டினேன். பைக்குள் இருந்தது உடைந்துவிடக் கூடாது. காற்றும் வெயிலும் கூட இன்று அடக்கமாகவே இருந்தன. ஒப்பரேசனுக்கு முன் அவள் கையில் கொடுக்க ஒன்று கிடைத்துவிட்டது என்று எனக்கு அப்படியொரு சந்தோசம்.

கட்டிலில் சாய்ந்திருந்தவளின் முன்னால் கைலேஞ்சியை விரித்தேன்.

ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள். சிலுவை போட்டாள். ஒரு விரலை நீட்டினாள். தொடாமலே விரலை இழுத்துக்கொண்டாள்.

“ஐயோ, இது நன்மை, யேசுவின்ரை உடம்பு! இதை ஆரும் வீட்டை கொண்டாறதே! திருப்பிக் கொண்டுபோய் சுவாமியிட்டைக் குடுங்கோ.”

“உமக்குத்தானப்பா கொண்டந்தனான். சாப்பிடும்.”

“எனக்குத் தரமாட்டினம். முருகன் கோயிலிலை தாலி கட்டினனாங்கள் எல்லே. மாதா கோயிலிலை கட்டாமல் குடும்பம் நடத்திறவைக்கு நன்மை இல்லை. இருபத்தெட்டு வருசமாச்சு.”

அரிசி முடிந்துவிட்டது என்று சொல்லும் குரலில்தான் சொன்னாள்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் ஒருக்கால் உள்ளுக்கு வந்திருந்தால் தெரிஞ்சிருக்கும் என்று சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

முற்றத்துக்கு வந்து கைபேசியைத் திறந்தேன்.

போன ஞாயிறு. வாசலுக்குள்ளே சனம் வரிசையில் நிற்கிறது. கடைசி வாங்கில் வெள்ளை முக்காட்டோடு ஒரு தலை மட்டும் தாழ இருக்கிறது. அதற்கு முந்தின ஞாயிறு. அதற்கும் முந்தினது. வாசலில் நட்சத்திரம் தொங்கும் நத்தார் ஞாயிறு, மழை ஞாயிறு. எல்லாம் ஏழு நாற்பது. எல்லாவற்றிலும் அந்தத் தலை எழும்பவே இல்லை.

“எல்லாரும் நிக்க நீர் மட்டும் மகாராணி மாதிரி இருக்கிறீர்,” என்று ஒருநாள் இதே படத்தைக் காட்டி நானே அவளைப் பகிடி பண்ணியிருக்கிறேன். இன்று ஒரே ஒரு நிமிடம் அப்படி இருக்க என்னால் முடியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஸ்கூட்டரைத் திருப்பினேன்.

சுவாமியார் தை மாதம்தான் இந்தப் பங்குக் கோயிலுக்கு வந்தவர், இளம் ஆள். கோயிலுக்குப் பக்கத்து வீட்டு விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கைலேஞ்சியை இரண்டு கையாலும் கொடுத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு, கோப்பையை வைத்துவிட்டு எழுந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டட்டும்.

“சுவாமி, நான் ஒரு கலியாணம் கட்டவேணும். புதன்கிழமைக்கு முந்தி.”

அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார்.

“பொம்பிளை ஆர், ஐயா?”

கைபேசியை எடுத்தேன். போன ஞாயிற்றுப் படத்தை விரலால் பெரிதாக்கி, அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

“உதிலை எழும்பாமல் இருக்கிறா. அவதான்.”