கண்ணுல பட்டவங்க

என் பொண்ணு மங்கைக்கு கம்பெனியில வேலை போயிடுச்சு. உத்தியோகம் பாக்குறவங்க எல்லாரும் இருக்கிற அந்த சைட்ல, 'எனக்கு வேலை வேணும், தெரிஞ்சா சொல்லுங்க'ன்னு எழுதிப் போட்டா. மறுநாள் அதுக்குக் கீழ நாலாயிரம்னு காட்டுது. நாலாயிரம் பேர் பாத்தும் ஒருத்தர் வாயத் தொறக்கலியான்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"பாத்தவங்க இல்லம்மா, கண்ணுல பட்டவங்க. விரலால தள்ளிட்டுப் போயிருப்பாங்க"ங்கிறா, என்னமோ அவங்களுக்கெல்லாம் வக்கீல் மாதிரி.

சரி, இவ பேரைத் தொட்டு உள்ள வந்து, இவ யாரு எவருன்னு படிச்சுப் பாத்தவங்க? அவங்களைப் பேரோடயே காட்டுது. முதப் பேரு நவநீதன். ஆபீஸ்ல இவ பக்கத்து சீட்டு. நான் கட்டிக் குடுத்த எலுமிச்சம் சாதத்தை இவளுக்கே மிச்சம் வைக்காம தின்னவன். வந்து பாத்துட்டு ஒரு லைக் கூடப் போடாமப் போயிருக்கான்.

எனக்கு மனசு ஆறல. அவனுக்கே போன் போட்டேன்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. லைக் போட்டா என் பேரு தெரியும். மேனேஜர் பாப்பாரு. அடுத்து யாரைத் தூக்கலாம்னு இருக்காங்க"ன்னான்.

"சரி தம்பி, லைக் போட்டா தெரியும். அவளைக் கூப்பிட்டு சாப்டியான்னு கேட்டிருந்தா யாருக்குத் தெரியும்?"

வச்சிட்டானோன்னு பாத்தேன், வைக்கல. மங்கை சன்னல் பக்கம் உக்காந்து அந்த நாலாயிரத்தையே பாத்துக்கிட்டிருந்தா. போனைக் கொண்டுபோய் அவ காதுல வச்சேன்.