பாட்டு முடிந்ததும்

மகள் நித்திலாவின் கல்யாண டிவிடி திக்கத் தொடங்கியதால், தணிகாசலம் அதை அப்படியே கணினியில் பிரதியெடுத்து, டிவியில் பார்க்கும்படி மாற்றி படங்களைச் சேமித்துவைக்கும் வீட்டு சர்வரில் ஏற்றினார். இடத்தை அடைக்கிறதென்று கணினியிலிருந்த முழுப் பிரதியை அழித்தார். கீறல் விழுந்த டிஸ்க் இனி எதற்கென்று உடைத்துக் குப்பை வண்டியில் போட்டார். படத்தை மாற்றிய மென்பொருள் டிஸ்க்கில் இருப்பதிலேயே நீளமான படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மனைவி கோமளாவிடம் அவர் அதைச் சொல்லவில்லை. மூன்று மணி நேரப் படம் முழுக்க ஸ்டூடியோக்காரர் சினிமாப் பாட்டை ஏற்றியிருந்தார். நித்திலா சிரிக்கிறாள், மாமியாரிடம் ஏதோ கேட்கிறாள், உதடு மட்டும் அசைகிறது. டிஸ்க்கின் கடைசியில் தனிப் படமாக இருந்த நான்கு நிமிடத்தில்தான் பாட்டு இல்லை. "ரெண்டு வார்த்தை சொல்லும்மா" என்று கேமராக்காரர் மைக்கை நீட்ட, அவள் பேசியிருந்தாள். கல்யாணமான பதினோராம் மாதமே இறந்துபோனவளின் குரல் வேறெங்கும் இல்லை.

கோமளா சோற்றுத் தட்டைத் தொடாமல் டிவி முன் உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிட்டுட்டுப் பாரேன்."

"இருங்க. இந்தப் பாட்டு முடிஞ்சதும் பேசுவா."

பாட்டு முடிந்தது. திரை கறுத்தது.

"சத்தமே வரலியே" என்று ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டினாள். கடைசிவரை கூட்டிவிட்டுக் காதைத் திரையோரம் கொண்டுபோனாள்.

தணிகாசலம் எழுந்துபோய் இரைந்துகொண்டிருந்த ஃபேனை நிறுத்தினார்.