பின்னால் மாட்டும் ராக்

“இதை மாட்டினா நம்பர் பிளேட்டு முழுசா மறைஞ்சிருமா பாய்?”

விருதுநகரில் கார் உதிரிச் சாமான் கடை வைத்திருக்கும் சுல்தான், தன் காதைத் தானே ஒருமுறை குடைந்துகொண்டார். காரில் சைக்கிளை ஏற்றிச் செல்ல ராக் வாங்குகிற எந்த மனுஷனும் நம்பர் மறையாமல் இருக்குமா என்றுதான் கேட்பான். வந்திருந்த ஆள் தலைகீழாகக் கேட்டார்.

ஆனாலும் வந்தவரை விட மனம் வரவில்லை. ஊரே சைக்கிள் மிதிக்கக் கிளம்பிய ஜோரில், மேலே மாட்டும் ராக் ஒன்றும் பின்னால் மாட்டும் ராக் இரண்டும் வாங்கிப் போட்டிருந்தார். மிதித்தவர்கள் எல்லாம் ஒரே மாதத்தில் ஓய்ந்துவிட்டார்கள். இப்போது கடை வாசலில் கிடக்கும் ராக்குகளில் மனைவி பைரோஜா துணி காயப்போடுகிறாள். “இந்த வாரமும் போகலைன்னா காயலான் கடையில போட்டுருவேன்” என்று காலையில்தான் கெடு வைத்திருந்தாள்.

“கூரை மேல மாட்டுறது இருக்கு அண்ணாச்சி. வெலையும் கம்மி, சைக்கிளு ஆடாம நிக்கும்.”

“மேல வேணாம். பின்னாடி மாட்டுறதுதான் வேணும்.”

“எத்தனை சைக்கிளு ஏத்துவீக?”

“ஒண்ணுதான். கூடை வச்ச லேடீஸ் சைக்கிளு ஒண்ணு ஓட்டையாக் கிடக்கு. மாட்டினா மாட்டினதுதான், இறக்கவே போறதில்லை. கூடை சரியா நம்பர் மேல வந்து உக்காரணும். அம்புட்டுத்தான்.”

சுல்தான் மெல்ல எட்டி அவருடைய காரைப் பார்த்தார். முன்பக்க நம்பரும் தெரியவில்லை. அதன்மேல் முழ நீளத்துக்குக் கதம்ப மாலை ஒன்று தொங்கியது.

“எந்த ஊருங்க அண்ணாச்சி?”

“ஏழாயிரம்பண்ணைப் பக்கம்.”

பட்டாசுக் கம்பெனிகள் சூழ்ந்த ஊர், அதுவும் தீபாவளி சீசன். சுல்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“வண்டியில அப்படி என்னத்தை ஏத்தப் போறீக?”

“அதை ஏன் கேக்கீக! வெள்ளிக்கிழமைக்குள்ள எப்படியாவது ஏத்தி மதுரையில கொண்டுபோய் இறக்கியாகணும். லேசா உரசினாலும் வெடிச்சிரும் பாய். வெடிச்சா ஊருக்கே கேக்கும்.”

திருட்டுப் பட்டாசேதான். நடுவழியில் வெடித்தால் போலீஸ் முதலில் தேடி வருவது, ராக்கில் ஒட்டியிருக்கும் கடைப் பெயரைப் பார்த்துத்தான். சுல்தான் வெளிக்காட்டிக்கொள்ளாமல் பில் புத்தகத்தை எடுத்தார்.

“பதினேழாம் நம்பர் பில்லா? அது வேணாம், அடுத்ததுல எழுதுங்க” என்றார் வந்தவர்.

பில்லிலும் தில்லுமுல்லா! “ஸ்பானர் எடுத்துட்டு வந்துருதேன்” என்று உள்ளே நழுவிய சுல்தான், எஸ்.ஐ. காளீஸ்வரனுக்குப் போன் போட்டார். சந்தேகமாக எவன் வந்தாலும் சொல்லுங்கள் என்று கடை கடையாகச் சொல்லிவிட்டுப் போனவர் அவர்தான். ராக் விற்காவிட்டால் போகிறது, ஜெயிலுக்குப் போகாமல் இருந்தால் போதும் என்றிருந்தது சுல்தானுக்கு.

ராக்கைப் பொருத்தி, கடைசி போல்ட்டை முறுக்கும்போது எஸ்.ஐ. தன் சொந்தக் காரில் வந்துவிட்டார். முன்னால் பம்பரை அடைத்தபடி ‘காவல்’ என்று பெரிய பலகை. அவசரத்திலும் வழக்கம்போல வண்டியை ரிவர்ஸ் எடுத்து, பின்பக்கம் சுவரோடு ஒட்டும்படி நிறுத்திவிட்டுத்தான் இறங்கினார்.

“எவம்லே அது, நம்பரை மறைக்கிறவன்?”

வந்தவர் இரண்டு கையையும் கூப்பினார். “சார், எம் பேரு அருள்பாண்டி. வெவசாயி. வேணும்னா டிக்கியைத் தொறந்து பாருங்க.”

திறந்து பார்த்தார்கள். ஒரு சாக்கு மிளகாய் வத்தல் இருந்தது. அதைக் கிளறியதில் எஸ்.ஐ.க்கு நாலு தும்மல்தான் மிச்சம்.

“அப்புறம் என்னத்தைய்யா மதுரைக்கு ஏத்தப் போறே?”

“என் மாமியாரை சார்.”

சுல்தான் கையிலிருந்த ஸ்பானர் நழுவிக் கால் மேல் விழுந்தது.

“இது செகண்ட் ஹேண்டுல வாங்குன வண்டி சார். நம்பரைக் கூட்டினா எட்டு வருது. எட்டு ஆகாதுன்னு மாமியா ஏறவே மாட்டேங்காக. ஒண்ணும் ஏழும் எட்டுன்னு பில்லைக்கூட மாத்தச் சொன்னது அதுக்குத்தான். வெள்ளிக்கிழமை மதுரையில கல்யாணம். அவுகளை பஸ்ஸுல அனுப்பினா, என் பொண்டாட்டி என்னையும் அதே பஸ்ஸுல அனுப்பிருவா. நம்பரு கண்ணுல படலைன்னா ஏறிருவாக சார்!” என்று அருள்பாண்டி அழாத குறையாகச் சொன்னார்.

சுல்தானுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு அப்பாவியைப் போலீஸில் மாட்டிவிட்டோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

எஸ்.ஐ. குனிந்து பின்பக்க நம்பரைப் பார்த்தார். “நாலு, ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு...” என்று விரல்விட்டுக் கூட்டியவர், சட்டென்று இரண்டடி பின்வாங்கினார்.

“நம்பரை மறைக்கிறது குத்தம். தெரியும்ல?”

“தெரியும் சார்” என்று தலையைத் தொங்கப்போட்டார் அருள்பாண்டி.

போச்சு, வியாபாரம் போச்சு. சுல்தானின் கண் முன்னால் பைரோஜாவும் காயலான் கடைக்காரனும் வந்து நின்றார்கள்.

எஸ்.ஐ. ராக்கைப் பிடித்து இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, சுல்தானின் தோளில் கைபோட்டுத் தனியே தள்ளிக்கொண்டு போனார்.

“பாய், அங்கன துணி காயுதே, அந்த ராக்கை என் வண்டியில மாட்டிவிடுங்க. எனக்கும் எட்டுதான்!”