பழுது பார்க்க இயலாது

"செத்துப்போச்சு எண்டா, செத்துப்போச்சு எண்டு எழுதித் தாங்கோ அண்ணை," என்றாள் உஷா. பக்கத்தில் அவள் கணவன் நிமலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

சிவனேசனுக்குப் பேனா ஓடவில்லை. ஒன்பது வருடம் கூடவே இருந்ததற்கு ஒரே வரியில் முடிவு எழுதச் சொன்னால் யாருக்குத்தான் கை வரும். ஒருவழியாக எழுதினார்: 'மெரிடோ கேமரா, பழைய மாடல். பழுது பார்க்க இயலாது.'

ஆக்லாந்தின் நியூ லின்னில் இருக்கும் மெரிடோ கம்பெனியின் சர்வீஸ் சென்டர் அது. சிவனேசன் அங்கே பழுது பார்ப்பவர். நிமலன் கல்யாண வீடியோ எடுப்பவன். லைட் பிடிப்பதும் லென்ஸ் துடைப்பதும் உஷா. நிமலனுக்குத் தொப்பியில் மெரிடோ, காரில் மெரிடோ. நம்மாட்களின் நிறம் இந்தக் கேமராவில்தான் சரியாக விழும் என்று ஆக்லாந்து முழுக்கச் சொல்லித் திரிந்தவன். வேறு கம்பெனிக் கேமராவுக்கு மாறிய இன்னொரு வீடியோக்காரன் கௌசிகனோடு ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"புது மாடல் இருக்கு தம்பி. ஆனா உங்க பழைய லென்ஸ் ஒண்ணும் அதுல சேராது," என்றார் சிவனேசன். அவர் மலேசியாக்காரர். சங்கடமான சேதியை எப்போதும் தரையைப் பார்த்துத்தான் சொல்வார்.

"பதினைஞ்சு வருஷமா உங்கட கம்பெனியைத் தவிர வேற ஒண்டையும் தொடேல்லை," என்றான் நிமலன். "இனி என்னத்தைக் கதைக்கிறது."

உஷா கடிதத்தை இரண்டு முறை வாசித்து, நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். கேமராவை வீட்டுக்குக் கொண்டுபோக நிமலனுக்கு மனம் வரவில்லை. அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

உண்மையில் கேமரா சாகவில்லை. பின்னறையில் மூடியைத் திறந்த உடனேயே சிவனேசன் பார்த்துவிட்டார். உள்ளே ஒரு வயர் கழன்று கிடந்தது, அதனருகே சின்னதாக ஒரு சிவப்பு நூல் துண்டு. கூறைச்சேலை நூலாக இருக்கும் என்று ஊதிவிட்டார். வயரைச் சொருக இரண்டு நிமிடம் போதும்.

ஆனால் ஏழு வருடம் தாண்டிய மாடலில் கை வைக்கக் கூடாது என்று தலைமை ஆபீஸ் மெயில் போட்டிருந்தது. மேனேஜர் வேறு அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார். சிவனேசன் மூடியை மூடிவிட்டு வெளியே வந்து அந்த வரியை எழுதிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. நிமலன் கடைசியில் கௌசிகன் வைத்திருக்கும் அதே கம்பெனியின் கேமராவை வாங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டபோது இன்னும் மோசமாயிற்று. இவ்வளவு விசுவாசமான மனுஷனை வெளியே தள்ளியது தன் கையெழுத்து. நாற்பது பேர் சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, இவன் அழுதுவிட்டுப் போனானே.

இரண்டு வாரம் தாங்கினார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கேமராவை வீட்டுக்குக் கொண்டுபோய் வயரைச் சொருகினார். உடனே வேலை செய்தது. மறுநாள் காலை அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஹில்ஸ்பரோவில் இருக்கும் நிமலன் வீட்டுக்குக் காரை விட்டார்.

கதவைத் திறந்தது உஷா. ஸ்வெட்டரெல்லாம் நூலும் துணித் துண்டுமாக இருந்தது. அவளுக்குப் பின்னால் தையல் மெஷினில் யாரோ ஒரு மணப்பெண்ணின் பிளவுஸ் பாதியில் நின்றது. நிமலன் உள்ளே குளித்துக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சிடும்மா, நான் பொய் எழுதிட்டேன்," என்றார் சிவனேசன், தரையைப் பார்த்தபடி. "கேமராவுக்கு ஒண்ணும் ஆகல. ஒரு வயர் கழண்டிருந்துச்சு, அவ்வளவுதான். சரி பண்ணிக் கொண்டாந்திருக்கேன். தம்பிகிட்ட நேர்ல சொல்லணும். வேலை போனாலும் போகட்டும்."

உஷா பைக்குள் எட்டிப் பார்த்தாள். சட்டென்று வாசலுக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அவர் இதைக் காணக்கூடாது அண்ணை. புதுசைத் திருப்பிக் குடுக்க இன்னும் ரெண்டு நாள் இருக்கு. பெட்டியைக்கூட எறியாமல் வச்சிருக்கிறார். இதைக் கண்டா இண்டைக்கே கொண்டுபோய்க் குடுத்திடுவார்."

"கொடுக்கட்டும்மா. அவருக்குப் பிடிச்சது இதுதானே."

"ஓம், பிடிச்சதுதான். இதை வச்சுப் போன வருஷம் ரெண்டே ரெண்டு கலியாணம். இருட்டான கலியாண ஹோலுக்குள்ள இது ஒண்டையும் காட்டாது. நான் கிட்டப் போய் லைட்டைப் பிடிக்க, பொம்பிளைக்கு மேக்கப் வழியும். மாத்துங்கோ எண்டு சொன்னா ரெண்டு நாள் சாப்பிடமாட்டார். வீட்டுக் கடன் மோர்ட்கேஜ் என்ர தையல்லதான் ஓடினது. புதுசு வந்து பத்து நாள்ல மூண்டு கலியாணம் வந்திட்டுது."

சிவனேசனுக்கு அவள் கஷ்டம் புரிந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"தப்பு தப்புதானேம்மா. தானா கழண்ட ஒரு வயருக்காக ஒரு மனுஷனை அழ வச்சு அனுப்பிட்டேனே."

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. உஷா பையை இழுத்து மூடி அவர் கையில் திணித்தாள். கடையில் அழாதவளுக்கு இப்போது கண் கலங்கியிருந்தது.

"அது தானாக் கழரேல்லை அண்ணை. நான்தான் கழட்டினனான்."